வீட்டு வீடியோ டிஸ்க்குகளை டிவியில் பார்க்கிற கோப்பாக மாற்ற எந்த வழி நல்லது?

அக்காவின் கல்யாண விசிடி மொத்தம் இரண்டு டிஸ்க். முதல் டிஸ்க்கின் கடைசிப் பத்து நிமிடத்தில்தான் தாலி கட்டும் இடம் வரும். போன தைப்பூசத்துக்குச் சொந்தக்காரர்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது அம்மா அதைப் போடச் சொன்னார், நாதஸ்வரம் வேகமெடுத்து கெட்டிமேளம் ஆரம்பிக்கிற இடத்துக்குச் சரியாக வந்ததும் படம் கட்டம் கட்டமாக உடைந்து அப்படியே நின்றுவிட்டது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை, எழுந்து போய் டீ போட ஆரம்பித்துவிட்டார். அந்த டிஸ்க்கை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், வெளி ஓரத்தில் ஊசி குத்தினது போல நான்கைந்து ஓட்டை. சிடி, டிவிடி எல்லாமே உள்வட்டத்திலிருந்து வெளிவட்டத்துக்குத்தான் பதிவாகும், அதனால் ஓரம் கெட்டால் முதலில் போவது கடைசிக் காட்சிதான்.

அதற்குப் பிறகு நான் இந்த வேலையில் இறங்கி எங்கள் வீட்டு டிஸ்க், சித்தப்பா வீட்டு டிஸ்க், மாமா வீட்டுப் பெட்டி என்று நாற்பதுக்கு மேல் மாற்றிவிட்டேன். இப்போது தெரிந்தவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: அப்படியே காப்பி பண்ணினால் போதுமா, எம்பி4 ஆக்க வேண்டுமா, எம்கேவி என்கிறார்களே அது என்ன, பேசாமல் கடையில் கொடுத்துவிடலாமா? எல்லாருக்கும் ஒரே பதில் கிடையாது. ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் எனக்குச் சந்தேகமே இல்லை: டிஸ்க்கிலிருந்து எடுத்து வைப்பது ஒரு வேலை, டிவிக்கு ஏற்ற மாதிரி மாற்றுவது இன்னொரு வேலை. முதலாவதை இந்த மாதமே செய்துவிடுங்கள், இரண்டாவதுக்கு அவசரமே இல்லை.

## முதலில், உங்கள் கையில் இருப்பது எது?

பெட்டியைத் திறந்து வகை பிரியுங்கள். நம் ஊர் வீடுகளில் பெரும்பாலும் மூன்று வகை இருக்கும்.

விசிடி. பர்மாவில் ஒரு காலத்தில் தெருவுக்குத் தெரு விசிடிதான், கல்யாண ஸ்டூடியோக்காரர்களும் அதில்தான் கொடுத்தார்கள். கணினியில் போட்டால் எம்பெக்ஏவி என்று ஒரு ஃபோல்டர், அதற்குள் டாட் என்று முடிகிற கோப்பு இருக்கும். படத்தின் அளவு 352க்கு 240 புள்ளி, பிஏஎல் என்ற டிவி ஒளிபரப்பு முறை என்றால் 352க்கு 288. ஒரு மணி நேரம் சுமார் 600 எம்பி.

டிவிடி. வீடியோ_டிஎஸ் என்று ஃபோல்டர் இருக்கும், உள்ளே விஓபி கோப்புகள் ஒவ்வொன்றும் அதிகபட்சம் 1 ஜிபி. படம் 720க்கு 480, அல்லது 720க்கு 576. ஒரு பக்கம் ஒரே அடுக்கு உள்ள டிஸ்க்கில் 4.7 ஜிபி பிடிக்கும்.

கேமரா டிஸ்க். 8 சென்டிமீட்டர் அகலச் சின்ன டிஸ்க், கேமராவிலேயே பதிவானது. இதில் ஒரு சிக்கல் உண்டு: எடுத்து முடித்ததும் கேமராவில் ‘ஃபைனலைஸ்’ (பதிவை முடித்து மூடுவது) கொடுக்காமல் விட்டிருந்தால் கணினி அதைக் காலி டிஸ்க் என்று சொல்லும். காலி என்று நினைத்துத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அந்தக் கேமரா இன்னும் வீட்டில் இருந்தால் அதிலேயே ஃபைனலைஸ் செய்யுங்கள். சின்ன டிஸ்க்கை நடுக்குழி உள்ள தட்டு டிரைவில்தான் போட வேண்டும், வாயில் செருகுகிற டிரைவில் போட்டால் மாட்டிக்கொள்ளும்.

இன்னொன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். யாங்கோனில் எடுத்த டிஸ்க் பெரும்பாலும் என்டிஎஸ்சி, ஏனென்றால் நம் நாட்டு டிவி ஒளிபரப்பு அந்த முறையில்தான் இருந்தது, நொடிக்கு 29.97 ஃபிரேம். சென்னை, சிங்கப்பூர், மலேசியாவிலிருந்து சொந்தக்காரர்கள் அனுப்பியது பிஏஎல், நொடிக்கு 25. இன்றைய டிவிகள் இரண்டையும் காட்டும், அதனால் ஒன்றை இன்னொன்றாக மாற்றத் தேவையே இல்லை. மாற்றினால் ஆட்கள் நடக்கும்போது படம் விட்டுவிட்டு நகரும்.

## எதை வைத்து முடிவு செய்வது?

நான் ஆறு விஷயம் பார்க்கிறேன், இந்த வரிசையில்.

1. அசல் அப்படியே காப்பாற்றப்படுகிறதா? ஒருமுறை சுருக்கியதை மறுபடி விரிக்க முடியாது.
2. யாருடைய டிவியில் ஓட வேண்டும்? எழுபது வயதில் அம்மா ரிமோட்டில் இரண்டு பொத்தான் அழுத்திப் பார்க்க முடிய வேண்டும்.
3. கரன்ட். வேலை நடுவில் கரன்ட் போனால் முதலிலிருந்தா, விட்ட இடத்திலிருந்தா? நம் ஊரில் இது சின்ன விஷயம் இல்லை.
4. இடம். எத்தனை ஜிபி, எந்த ஹார்ட் டிஸ்க்?
5. உங்கள் நேரம். டிஸ்க் மாற்றுவது, பெயர் வைப்பது, சரிபார்ப்பது எல்லாம் சேர்த்து.
6. ஊருக்கு வெளியே இருக்கிற பிள்ளைகளுக்கு அனுப்ப வேண்டுமா?

காசை நான் தனியாகச் சேர்க்கவில்லை. கீழே சொல்கிற மென்பொருள் ஏறக்குறைய எல்லாம் இலவசமாகவே கிடைக்கும், செலவு என்பது யுஎஸ்பி டிவிடி டிரைவ் ஒன்று, ஹார்ட் டிஸ்க் ஒன்றோ இரண்டோ. கடையில் விற்கிற சினிமா டிவிடிக்குப் பூட்டு இருக்கும், நம் வீட்டு டிஸ்க்குக்குப் பூட்டு கிடையாது, அதனால் அந்தத் தலைவலியும் இல்லை.

## வழி 1: கோப்புகளை அப்படியே காப்பி பண்ணுவது

டிஸ்க்கைப் போடுகிறீர்கள், ஃபோல்டரை இழுத்துக் கணினியில் போடுகிறீர்கள், முடிந்தது. டிவிடி என்றால் கால் மணி நேரத்துக்குள் வந்துவிடும். தரம் ஒரு துளி குறையாது.

டிவியில்தான் சங்கடம். விஓபி கோப்பைப் பல டிவிகள் ஓட்டும், ஆனால் ஒரு மணி நேரக் கல்யாணம் நான்கைந்து துண்டாக இருக்கும். ஒரு துண்டு முடிந்ததும் நின்றுவிடும், ஐயர் மந்திரம் பாதியில் அறுந்து போகும், மறுபடி ரிமோட்டை எடுத்து அடுத்த துண்டைத் தேட வேண்டும். சில டிவிகளில் நேரக் கணக்கு தப்பாகக் காட்டும், முன்னே ஓட்ட முடியாது.

விசிடியில் டாட் என்ற பெயரை எம்பெக் என்று மாற்றினால் ஓடும் என்று பலரும் சொல்வார்கள். விஎல்சி என்ற வீடியோ செயலியில் ஓடும், சில டிவியில் ஓடும், சில டிவியில் ஓடவே ஓடாது, ஏனென்றால் விண்டோஸ் அந்தக் கோப்பைச் சுற்றி ஓர் உறையைப் போட்டுத்தான் கொடுக்கிறது. எஃப்எஃப்எம்பெக் என்ற மென்பொருளை வைத்து, சுருக்காமல், உறையை மட்டும் பிரித்து எடுக்கலாம். ஒரு நிமிட வேலை.

மறைவான செலவு இதுதான்: கீறல் உள்ள டிஸ்க்கில் காப்பி பாதியில் பிழை சொல்லி நின்றுவிடும், எங்கே நின்றது என்பது உங்களுக்குத் தெரியாது. விசிடியில் இது இன்னும் மோசம், அதில் படம் எழுதியிருக்கும் முறையில் பிழை திருத்தும் வசதி சாதாரண டேட்டா சிடியைவிடக் குறைவு.

எப்போது இது போதும்: டிஸ்க் நல்ல நிலையில் இருக்கிறது, இரண்டு மூன்றுதான் இருக்கிறது, டிவியோடு இணைக்கிற, விஎல்சி போட்ட ஆண்ட்ராய்டு பெட்டியில் பார்க்கப் போகிறீர்கள் என்றால்.

## வழி 2: முழு டிஸ்க்கையும் ஒரே பிம்பக் கோப்பாக எடுப்பது

டிவிடியை ஐஎஸ்ஓ என்று ஒரே கோப்பாக எடுக்கலாம். மெனு, அத்தியாயம், ஸ்டூடியோக்காரர் போட்ட ரோஜாப்பூ ஆரம்பப் படம் வரை எல்லாம் உள்ளே வந்துவிடும். நாளைக்கு வேண்டுமென்றால் அதிலிருந்து எம்கேவியோ எம்பி4ஓ எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், மறுபடி டிஸ்க்கைத் தொடவே வேண்டாம்.

விசிடிக்கு ஐஎஸ்ஓ சரிவராது. விசிடியின் வீடியோப் பகுதி ஒரு துண்டுக்கு 2324 பைட் என்று எழுதப்பட்டிருக்கும், ஐஎஸ்ஓ 2048 பைட் கணக்கில்தான் எடுக்கும், மிச்சம் விழுந்துவிடும். அதற்கு ‘பின்’, ‘கியூ’ என்று முடிகிற இரண்டு கோப்பாக எடுக்கும் முறைதான் சரி. இம்ஜ்பர்ன் போன்ற மென்பொருள் டிஸ்க்கைப் பார்த்து அதைத் தானே தேர்ந்தெடுக்கும். முதல் ஐந்து விசிடியை நான் இது தெரியாமல் ஐஎஸ்ஓவாக எடுத்து வைத்து, திறந்து பார்த்தபோது ஒன்றும் ஓடவில்லை, மறுபடி ஐந்தையும் எடுத்தேன்.

இந்த வழியின் பெரிய பலம் கெட்ட டிஸ்க்கில்தான் தெரியும். டிடிரெஸ்க்யூ என்று லினக்ஸில் ஒரு கருவி, முதலில் படிக்க முடிந்ததை எல்லாம் வேகமாக எடுத்துவிட்டு, பிறகு படிக்க முடியாத இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போய் முயற்சிக்கும். எது வந்தது எது வரவில்லை என்று பக்கத்தில் ஒரு வரைபடக் கோப்பில் குறித்துக்கொண்டே போகும். கரன்ட் போனால் கவலை இல்லை, வந்ததும் அதே கட்டளையைக் கொடுத்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். இதைவிட நல்ல விஷயம், ஒரு டிரைவில் வராத இடத்தை வேறொரு டிரைவில் போட்டு, அதே வரைபடத்தை வைத்து நிரப்பலாம். இது டிவிடிக்கு நேரடியாகச் சரிப்படும். விசிடிக்குச் சரிப்படாது, அதற்கு விண்டோஸில் ஐசோபஸ்டர் என்ற மென்பொருள் உண்டு, சில வசதிகளுக்கு மட்டும் காசு.

குறை என்றால், டிவி ஐஎஸ்ஓவைத் தானாக ஓட்டாது. ஆண்ட்ராய்டு பெட்டியில் கோடி என்ற செயலியைப் போட்டால் டிவிடி ஐஎஸ்ஓ மெனுவோடு ஓடும். அம்மாவுக்கு அதைச் சொல்லிக்கொடுக்க நான் முயற்சிக்கவில்லை. ஒரு டிஸ்க்குக்கு நாலரை ஜிபி வரை போகும், ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள், முழுக்க நிரம்பிய டிவிடி இருநூறு ஒரு டிபி ஹார்ட் டிஸ்க்கில் அடங்கும். எந்த வீட்டில் இருநூறு இருக்கிறது?

எப்போது இது சிறந்தது: டிஸ்க் கெட ஆரம்பித்திருந்தால், அல்லது இப்போது எடுத்து வைத்துவிட்டு மாற்றுவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றால். என் வீட்டில் எல்லா டிஸ்க்குக்கும் முதல் படி இதுதான்.

## வழி 3: சுருக்காமல் எம்கேவி

எம்கேவி என்பது படத்தையும் ஒலியையும் சேர்த்து வைக்கிற ஒரு கோப்பு உறை. மேக்எம்கேவி என்ற மென்பொருள் டிவிடியில் துண்டு துண்டாக இருக்கிற விஓபியை ஒட்டி ஒரே கோப்பாகக் கொடுக்கும். படத்தைத் தொடாது, உறையை மட்டும் மாற்றும், அதனால் தரம் அப்படியே. டிஸ்க்கைப் படிக்க ஆகிற நேரம்தான் ஆகும், பத்துப் பதினைந்து நிமிடம். அத்தியாயங்களும் கூடவே வரும், ரிமோட்டில் அடுத்தது அடுத்தது என்று அழுத்தி முகூர்த்தம், நலங்கு, சாப்பாட்டுப் பந்தி என்று தாவலாம்.

ஒரு இடத்தில் மட்டும் கவனம் வேண்டும், வீட்டு வீடியோவுக்கு இது முக்கியம். இந்த மென்பொருள் வழக்கமாக 120 வினாடிக்குக் குறைவான தலைப்புகளை விட்டுவிடும். சினிமாவுக்கு அது சரி. நம் கேமரா டிஸ்க்கிலோ குழந்தை முதலடி வைத்தது நாற்பது வினாடி, தாத்தா தனாக்கா பூசின பேத்தியைத் தூக்கிக் கொஞ்சுவது ஒரு நிமிடம் என்றுதான் இருக்கும். அமைப்புகளில் போய் அந்த எண்ணை 0 என்று மாற்றிவிட்டு ஆரம்பியுங்கள். படத்தைச் சுருக்குகிற ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருளிலும் இதே மாதிரி ஒரு எல்லை உண்டு, அது 10 வினாடி.

டிவி பக்கம் இரண்டு தொல்லை. டிவிடி முழுவதும் நிரம்பியிருந்தால் கோப்பு 4 ஜிபியைத் தாண்டும், ஃபேட்32 முறையில் உள்ள பென் டிரைவ் அதை ஏற்காது. பென் டிரைவை எக்ஸ்ஃபேட்டாக மாற்ற வேண்டும், பழைய டிவி சிலவற்றுக்கு எக்ஸ்ஃபேட் தெரியாது. இன்னொன்று ஒலி. டிவிடியில் ஒலி மூன்று நான்கு விதமாக இருக்கலாம், சில டிவியில் படம் வரும், சத்தம் வராது. சித்தப்பா வீட்டு டிவியில் மாமா பேசுகிறார், உதடு மட்டும் அசைகிறது. அந்த டிஸ்க்கில் ஒலி சுருக்காத வகை, டிவிக்கு அது பிடிபடவில்லை.

எப்போது இது சிறந்தது: டிவிடி நல்ல நிலையில் இருக்கிறது, டிவி கொஞ்சம் புதியது அல்லது பெட்டி வைத்திருக்கிறீர்கள், ஹார்ட் டிஸ்க்கில் இடம் இருக்கிறது என்றால். காப்பகக் கோப்பும் டிவிக் கோப்பும் ஒன்றாகவே அமைகிறதால் வேலை பாதியாகக் குறையும்.

## வழி 4: எம்பி4 ஆகச் சுருக்குவது

எல்லாரும் முதலில் கேட்பது இதைத்தான், ஏனென்றால் இது எல்லா டிவியிலும் ஓடும், ஃபோனில் ஓடும், மலேசியாவில் இருக்கிற தம்பிக்கு அனுப்ப முடியும். ஹெச்.264 படம், ஏஏசி ஒலி, எம்பி4 உறை என்று எடுத்தால் ஓடாத டிவியை நான் இதுவரை பார்க்கவில்லை. ஹேண்ட்பிரேக்கில் செய்யலாம். என் பழைய டிவிடிகள் ஒரு மணி நேரத்துக்கு 1 ஜிபியைச் சுற்றி வந்தன.

ஆனால் தரத்தைக் கெடுக்கிற தப்பு அதிகம் நடக்கிற இடமும் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முதலாவது, கோடு. டிவிடியில் இருக்கிற படம் பெரும்பாலும் ஒற்றைப்படை வரி, இரட்டைப்படை வரி என்று மாற்றி மாற்றிப் பதிவானது, பழைய குழாய் டிவிக்காக. அதை அப்படியே சுருக்கினால் கை வீசும்போது, தீ மிதிக்கிறவர் ஓடும்போது, விளிம்பெல்லாம் சீப்புப் பல் மாதிரி கோடு கோடாகத் தெரியும். ஹேண்ட்பிரேக்கில் ‘டீஇன்டர்லேஸ்’ போட வேண்டும், அதில் ‘பாப்’ என்று வருகிற தேர்வை எடுத்தால் நொடிக்கு 59.94 அல்லது 50 ஃபிரேமாக வரும், அசைவு அசல் டிவியில் பார்த்தது போலவே வழுக்கிக்கொண்டு போகும். மாமா வீட்டுத் தீமிதி டிஸ்க்கை இரண்டு விதமாகவும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பூக்குழிக்கு மேலே எழும்புகிற புகையும் மஞ்சள் வேட்டியும் இரண்டாவதில்தான் உயிரோடு இருந்தது. ஆனால் விசிடிக்கு இதைப் போடாதீர்கள், அது எம்பெக்-1 என்ற பழைய சுருக்கு முறை, அதில் வரி மாற்றும் முறையே கிடையாது, போட்டால் ஏற்கனவே மங்கலான படம் இன்னும் மங்கும்.

இரண்டாவது, தர எண். ஹேண்ட்பிரேக்கில் ‘ஆர்எஃப்’ என்று ஓர் எண் இருக்கும், குறைந்தால் தரம் கூடும், கோப்பு பெரிதாகும். டிவிடி அளவுப் படத்துக்கு 18 முதல் 22 வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் 19. மண்டப விளக்கில் எடுத்த படத்தில் பொடிப் புள்ளிகள் நிறைய இருக்கும், அதைக் குறைக்கிறேன் என்று வடிகட்டியைப் போட்டால் பாட்டியின் முகச் சுருக்கமும் சேர்ந்து போய்விடும், பொம்மை முகம் மாதிரி ஆகிவிடும். விட்டுவிடுங்கள், புள்ளி இருக்கட்டும்.

மூன்றாவது, அகலம். டிவிடியின் 720க்கு 480 என்பது டிவியில் 4க்கு 3 ஆகத் தெரிய வேண்டியது. சில டிவிகள் அந்தக் குறிப்பைப் படிக்காது, ஆட்கள் ஒரு பக்கமாக இழுத்தது போலத் தெரிவார்கள். அப்படித் தெரிந்தால் ‘அனமார்ஃபிக்’ என்பதை அணைத்துவிட்டு 640க்கு 480 என்று எடுங்கள், பிஏஎல் என்றால் 768க்கு 576. இரு பக்கமும் கருப்புப் பட்டை வரும். அதை நிரப்ப வேண்டும் என்று சிலர் கேட்பார்கள், நிரப்பினால் மாப்பிள்ளை தலைப்பாகை வெட்டுப்படும்.

நான்காவது, ஃபிரேம் எண்ணிக்கை. ‘மூலத்தைப் போலவே’ என்று விடுங்கள்.

இப்போது கரன்ட். எம்பி4 கோப்பு எழுதி முடியும் கடைசி நொடியில்தான் அதன் அட்டவணை எழுதப்படும், நடுவில் கணினி அணைந்தால் அதுவரை எழுதியது எதுவும் ஓடாது. எம்கேவியில் அப்படி இல்லை, அணைந்த இடம் வரை பெரும்பாலும் ஓடும். என் பழைய லேப்டாப்பில் ஒரு மணி நேரப் படத்தைச் சுருக்க ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகிறது, பேட்டரி அந்த வேலையில் முக்கால் மணி நேரம்கூடத் தாங்காது. அதனால் கரன்ட் வந்ததும் ஆரம்பிப்பேன், இன்வெர்ட்டரில் வேறெதையும் போட மாட்டேன், நீளமான படத்தை அத்தியாயமாகப் பிரித்து வரிசையில் வைப்பேன். போனால் ஒரு அத்தியாயம்தான் போகும். டிஸ்க்கிலிருந்து நேராகச் சுருக்காமல், முதலில் வழி 2இல் எடுத்த கோப்பிலிருந்து சுருக்குங்கள், டிரைவ் தேயாது, கீறல் உள்ள டிஸ்க் பாதியில் நிற்காது.

விசிடியைச் சுருக்கலாமா என்று கேட்டால் என் பதில் வேண்டாம் என்பதுதான். ஏற்கனவே அவ்வளவு சுருங்கியதை மறுபடி சுருக்கி மிச்சம் பண்ணுகிற இடம் சொற்பம், போகிற தரம் கண்ணுக்குத் தெரியும். டிவி எம்பெக்-1ஐ ஏற்கவில்லை என்றால் மட்டும், வேறு வழி இல்லாமல், ஆர்எஃப் 16, 17 என்று தாராளமாகக் கொடுத்து எடுங்கள். பெரிதாக்கி எடுத்தால் தெளிவு கூடாது, டிவி தானே பெரிதாக்கிக் காட்டும்.

எப்போது இது சிறந்தது: பல வீட்டு டிவிக்கும், ஃபோனுக்கும், வெளிநாட்டுக்கும் போக வேண்டும் என்றால். ஆனால் இது மட்டுமே கையில் இருக்கிற ஒரே பிரதியாக இருக்கக் கூடாது.

## வழி 5: கடையில் கொடுப்பது

நேரம் இல்லாதவர்களுக்கு இது நியாயமான வழிதான், அதுவும் டிரைவ், லேப்டாப் எதுவும் வீட்டில் இல்லை என்றால் இதற்காகவே வாங்குவது வீண். ஆனால் கொடுக்கும் முன் நான்கு கேள்வி கேளுங்கள்: சுருக்காத கோப்பும் சேர்த்துத் தருவீர்களா, கோடு நீக்கித் தருவீர்களா, உங்கள் பெயரைப் படத்தின் மேலே போடுவீர்களா, டிஸ்க்கைத் திருப்பித் தருவீர்களா.

நான் முதலில் ஒரு கடையில்தான் மூன்று டிஸ்க் கொடுத்தேன். 16க்கு 9 ஆக இழுத்து, ஓரத்தில் கடையின் பெயர் ஒட்டி, அத்தை பாடி, அம்மா விரும்பிக் கேட்கிற, ஒப்பாரி மாதிரி நீளமான தாலாட்டின் மேலே ஏதோ சினிமாப் பாட்டை ஏற்றிக் கொடுத்தார்கள். அத்தையின் குரல் போய்விட்டது. அத்தை இப்போது இல்லை. நல்லவேளை அசல் டிஸ்க் திரும்பி வந்தது, அதிலிருந்து மறுபடி எடுத்தேன். வேண்டுமென்று செய்த தப்பு இல்லை அது, அவர்களுக்கு அது ஒரு அலங்காரம். அதனால்தான் முதலில் ஒரே ஒரு டிஸ்க்கைக் கொடுத்துப் பார்த்துவிட்டு மிச்சத்தைக் கொடுங்கள் என்கிறேன்.

## ஒரே பார்வையில்

| | அப்படியே காப்பி | முழுப் பிம்பம் | எம்கேவி | எம்பி4 | கடை |
|---|---|---|---|---|---|
| தரம் | அசல் | அசல் | அசல் | கொஞ்சம் குறையும் | கேட்டு வாங்கணும் |
| டிவியில் ஓடுமா | சிலவற்றில், துண்டாக | பெட்டி வேண்டும் | பெரும்பாலும் | எல்லாவற்றிலும் | ஓடும் |
| ஒரு டிவிடிக்கு இடம் | 4.7 ஜிபி வரை | 4.7 ஜிபி வரை | 4.7 ஜிபி வரை | 1 முதல் 2 ஜிபி | தருவதைப் பொறுத்து |
| கரன்ட் போனால் | அந்தக் கோப்பு மறுபடி | டிடிரெஸ்க்யூ என்றால் தொடரும் | மறுபடி, சில நிமிடம்தான் | மறுபடி முதலிலிருந்து | உங்கள் கவலை இல்லை |
| கெட்ட டிஸ்க்குக்கு | ஆகாது | இதுதான் | ஆகாது | ஆகாது | ஆளைப் பொறுத்து |
| விசிடிக்கு | உறை பிரித்தால் நன்று | பின், கியூ மட்டும் | டிவிடிக்குத்தான் | கடைசி வழி | ஆகும் |

## அப்படியென்றால் யாருக்கு எது?

வீட்டில் பத்து டிஸ்க்குக்குள், எல்லாம் டிவிடி, பளிச்சென்று இருக்கிறது என்றால் வழி 3 ஒன்றே போதும், ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடிந்துவிடும். பெரும்பாலும் விசிடி என்றால் ‘பின்’, ‘கியூ’ கோப்பாக எடுத்து வைத்துவிட்டு, அதிலிருந்து உறை பிரித்த எம்பெக் கோப்பை டிவிக்குக் கொடுங்கள், சுருக்க வேண்டாம். குடும்பம் நாலு நாட்டில் சிதறியிருக்கிறது என்றால் வழி 2, அதற்குப் பிறகு வழி 4. கூகுள் கணக்கில் இலவசமாகக் கிடைப்பது 15 ஜிபிதான், மெயிலும் ஃபோட்டோவும் அதிலேயே அடங்க வேண்டும், அதனால் முழுக் கல்யாணத்தையும் ஏற்ற உட்காராதீர்கள், முகூர்த்தம் மட்டும் எம்பி4 ஆக எடுத்து அனுப்புங்கள். மிச்சத்தை யாராவது ஊருக்குப் போகும்போது ஹார்ட் டிஸ்க்கில் கொடுத்தனுப்பலாம், நம் ஆட்கள் நெத்திலியும் லபேத்தும் கொடுத்தனுப்புகிற மாதிரி.

எந்த வழியானாலும் நாற்பதையும் மாற்றிவிட்டு டிவியில் போட்டுப் பார்க்காதீர்கள். ஒரு நிமிடத் துண்டு ஒன்றை எம்பெக், எம்கேவி, எம்பி4 என்று மூன்று விதமாக எடுத்து ஒரே பென் டிரைவில் போட்டு, எந்த டிவியில் பார்க்கப் போகிறார்களோ அந்த டிவியிலேயே செருகிப் பாருங்கள். சத்தம் வருகிறதா, முகம் அகலமாக இருக்கிறதா, முன்னே ஓட்டினால் நகர்கிறதா. இந்தப் பத்து நிமிடம் எனக்கு முன்னாலேயே தெரிந்திருந்தால் சித்தப்பா வீட்டு வேலையை இரண்டாவது முறை செய்திருக்க மாட்டேன்.

பென் டிரைவ் என்பது டிவிக்குக் கொண்டுபோகிற பை, பத்திரம் பண்ணுகிற பெட்டி இல்லை. அசல் கோப்புகள் இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் இருக்கட்டும், ஒன்று உங்கள் வீட்டில், மற்றொன்று அண்ணன் வீட்டிலோ அக்கா வீட்டிலோ.

## டிஸ்க் படிக்கவில்லை என்றால்

முதலில் கழுவுங்கள். குழாய்த் தண்ணீர், ஒரு சொட்டு சோப்பு, மென்மையான பருத்தித் துணி, நடுவிலிருந்து ஓரத்துக்கு நேர்க்கோட்டில் துடைக்க வேண்டும், வட்டமாகத் துடைக்கக் கூடாது. நம் ஊர் மழைக்காலத்தில் பிளாஸ்டிக் உறைக்குள் பூஞ்சை பிடித்து வெள்ளைத் திட்டாக இருக்கும், கழுவினாலே பாதி டிஸ்க் படிக்க ஆரம்பித்துவிடும். பற்பசை போட்டுத் தேய்க்கிறதைப் பலர் சொல்வார்கள், எடுக்க முடிகிறதை எல்லாம் எடுத்து முடிக்கும் வரை அந்தப் பக்கம் போகாதீர்கள்.

சிடியில் படம் இருக்கிற அடுக்கு அடிப்பக்கம் இல்லை, பெயர் எழுதுகிற மேல்பக்கத்துக்குச் சற்றுக் கீழேதான் இருக்கிறது, மேலே மெல்லிய பூச்சு மட்டும்தான் காவல். அதனால் பால்பாயின்ட் பேனாவால் அழுத்தி எழுதியதும், ஒட்டின ஸ்டிக்கரை உரித்ததும்தான் விசிடிக்கு எமன். ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் உரிக்கவே உரிக்காதீர்கள், அப்படியே போட்டு எடுங்கள். டிவிடியில் அந்த அடுக்கு இரண்டு 0.6 மில்லிமீட்டர் பிளாஸ்டிக்குக்கு நடுவில் இருப்பதால் மேல்கீறலைக் கொஞ்சம் தாங்கும்.

பிறகு டிரைவை மாற்றிப் பாருங்கள். அக்காவின் அந்த முதல் டிஸ்க் என் லேப்டாப்பில் கடைசி எட்டு நிமிடம் வரவில்லை, நண்பர் ஒருவர் வீட்டில் தூசி பிடித்துக் கிடந்த பழைய மேசைக் கணினியின் டிரைவில் வேகத்தை மிகவும் குறைத்து வைத்து ஐசோபஸ்டரில் எடுத்தபோது ஏழு நிமிடம் வந்துவிட்டது. வராத ஒரு நிமிடம் பந்தியில் அப்பளம் பரிமாறுகிற இடம். தாலி கட்டுவது முழுக்க இருக்கிறது, அப்பா கண்ணைத் துடைத்துக்கொள்வது வரை. அதனால் ஒவ்வொரு கோப்பையும் எடுத்து முடித்ததும் ஆரம்பத்தைப் பார்த்துச் சரி என்று விட்டுவிடாமல், கடைசி ஐந்து நிமிடத்தை ஓட்டிப் பார்த்த பிறகு டிஸ்க்கை உறையில் போடுங்கள்.